ஏழாவது ஏவுதல்

அலுவலகத்தில் அவருக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. காதுபடவே கூப்பிடுகிற அளவுக்கு அது பழகிப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல அவருக்கு வராது. ‘ஆமாம், ஆனால்’ என்று ஆரம்பித்து, அந்த ஆனாலுக்குக் கீழே ஒரு பொடி எழுத்துப் பத்தியை வாயாலேயே எழுதி முடிப்பார். சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டால்கூட, “காலையிலதா, மத்தியானத்துதா?” என்பார்.

விண்வெளித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ராக்கெட்டும் கொடியும் வரைந்த சுவரெல்லாம் முன்பக்கத்தோடு சரி. இங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள்தான். ஆண்டுதோறும் ஒரு புத்தகம் போடுவது இவர்கள் வேலை. அதில் எல்லோரும் முதலில் திருப்புகிற பக்கம் ஒன்று உண்டு: மனிதர் பயணித்த ஏவுதல்கள், நாடு வாரியாக. மேடையில் பேசுகிறவர்களுக்கும், பத்திரிகைக்காரர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு பக்கம் போதும்.

அந்தப் பக்கத்தில் அவருடைய நாட்டுக்கு நேரே பல வருஷமாக ‘இரண்டு’ என்று இருந்தது. கீழே அவர் எழுதிய குறிப்பு: அரசு அமைப்புகள் நடத்தியவை மட்டும். அதை எழுதிய காலத்தில் தனியார் யாரும் மனிதரை மேலே அனுப்பவில்லை. பிறகு ஒரு கம்பெனி வந்தது. சொந்தமாகக் கலம் செய்து, பக்கத்து நாட்டுக் கடற்கரையில் ஒரு ஏவுதளத்தை வாடகைக்கு எடுத்து, ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியது. பத்திரிகைகள் கொண்டாடின. பட்டியலில் மட்டும் ‘இரண்டு’ இரண்டாகவே இருந்தது. யாரும் கேட்கவில்லை. அவரும் தொடவில்லை.

இந்த வருஷம் இயக்குநர் கூப்பிட்டார்.

இயக்குநர் மீன்வளத் துறையிலிருந்து மாறுதலாகி வந்தவர். அங்கே கரை சேர்ந்த மீனை எடை போட்டுக்கொண்டிருந்த கை, இங்கே ராக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. பேச்சில் கொஞ்சம் உப்பு அதிகம், அவ்வளவுதான்.

“உக்காருங்க. பக்கத்து நாட்டுக்காரன் இந்த வருஷப் பட்டியல்ல என்ன பண்ணியிருக்கான், பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். அவங்க மண்ணுலேருந்து கிளம்பினது எல்லாத்தையும் அவங்க கணக்குல சேத்திருக்காங்க.”

“நம்ம கம்பெனி, நம்ம கலம், ஏறினவங்க நம்ம ஆளுங்க. அவன் குடுத்தது வெறும் இடம். வாடகை வீட்டுல பொறந்த புள்ளை வீட்டுக்காரன் புள்ளையாய்யா?”

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் யோசித்துக்கொண்டிருந்தார்.

“சரி, இந்த வருஷம் தனியாரையும் நம்ம மொத்தத்துல சேத்துடுவோம். மேலேருந்து சொல்லிட்டாங்க. நம்ம ரெண்டு, கம்பெனி ஆறு. எட்டு.”

“ஏழு சார்.”

“எது ஏழு?”

“கம்பெனியோடது. மொத்தம் ஒன்பது.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கடைசியா போனது போய்ச் சேரலையே. பாதி வழியில பிச்சுக்கிட்டுக் கடல்ல விழுந்ததே. அதை எப்படிச் சேப்பீங்க?”

“ஏவுதல் எண்ணிக்கை சார் இது. தரையை விட்டு எழும்பினா ஏவுதல். போய்ச் சேந்ததா இல்லையாங்கறது அடுத்த கட்டம்.”

“நாங்க அங்க பிடிச்ச மீனைத்தான் எண்ணுவோம். தப்பிச்ச மீனை எண்ண மாட்டோம்.”

“இது மீன் கணக்கு இல்ல சார். கடலுக்குப் போன படகுக் கணக்கு.”

இயக்குநர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, கேட்கக் கூசுகிறவர் மாதிரிக் கேட்டார்.

“அந்தக் கடைசிக் கலத்துல உங்க தங்கச்சிதானே இருந்தாங்க?”

“ஆமாம்.”

இந்த ஆமாமுக்குப் பின்னால் ஆனால் வரவில்லை.

“நான் தப்பா சொல்லல. நாளைக்கு எவனாவது கேப்பான், தங்கச்சிக்காக ஒண்ணு கூட்டிப் போட்டாருன்னு. உங்க பேருக்குத்தான் கெட்ட பேரு.”

அவர் மேசையில் கிடந்த வரைவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தன் கையால் ஒரு எண் யார் பக்கமோ சாய்ந்தது என்று யாரும் சொன்னதில்லை. அவரிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். கடைசியில், “அப்போ அந்த வரிசையிலேருந்து நான் விலகிக்கறேன் சார். துணை அதிகாரி போடட்டும்,” என்றார்.

“அதான் முறை,” என்றார் இயக்குநர். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். துணை அதிகாரி, இயக்குநர் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற ரகம். என்ன எண் போடுவார் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை.

*

தங்கை அவர் வீட்டில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ‘ஒரு மாசத்துக்கு’ என்று வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் நாலு வார்த்தைகூடச் செலவழிக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த மௌனத்தில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை, அன்றைக்கு வரைக்கும்.

அவள் அந்தக் கம்பெனியில் கலப் பொறியாளராக இருந்தவள். மற்ற ஆறு பயணங்களையும் கீழேயிருந்து அனுப்பிவைத்தவள். ஏழாவதில்தான் அவளுக்கு இருக்கை கிடைத்தது. எழும்பிய சிறிது நேரத்தில் பக்கவாட்டு உந்துகலன் ஒன்று கழன்று விழ வேண்டிய நேரத்தில் விழாமல் தொங்கி, ராக்கெட் சாயத் தொடங்கியது. ஆட்கள் இருந்த கூண்டைத் தப்பிக்கும் பொறி பிய்த்து எடுத்து வீசியது. கடலில் விழுந்தார்கள். நாலு பேரும் பிழைத்தார்கள். அவளுக்கு மட்டும் முதுகெலும்பு நசுங்கியது. இனி பறக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனி இன்னும் யாரையும் ஏற்றவில்லை. அதன் வரவேற்பறைச் சுவரில் ஆறு படங்கள் தொங்கின.

இப்போது அவள் வேலை, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. நகரத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே இருப்பவர் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும், மணி அவள் மேசையில்தான் அடிக்கும். மீட்க ஆள் போய்ச் சேரும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

“இன்னைக்கு எத்தனை பேரு மாட்டினாங்க?” என்றார் அவர், தட்டை வைத்துக்கொண்டே. தினமும் கேட்கிற கேள்வி.

“மூணு. ஒருத்தரு பயத்துல பாட ஆரம்பிச்சாரு. கதவைத் தொறந்து வெளிய விட்டப்புறமும் நிறுத்தலையாம்.” அவள் முதுகு நேரான மர நாற்காலியில், தலையணையைச் சொருகிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். “உனக்கு என்ன, மூஞ்சியே சரியில்ல.”

“பட்டியல்ல இந்த வருஷம் தனியாரையும் சேக்கப் போறாங்க.”

அவள் கை தட்டில் நின்றது. “எத்தனைன்னு?”

“ஆறு.”

தலையாட்டினாள். மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். அவர் அவளைப் பார்க்காமல் தண்ணீரை ஊற்றினார். அந்த விபத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுப் புத்தகங்கள் வெளிவந்துவிட்டன. இரண்டு முறையும் அவர் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, அவள் எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூடி வைத்ததை அவர் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறார். தனியாரைச் சேர்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள். எதற்கு என்று இவர் கேட்டதில்லை.

“நீ என்ன சொன்ன?”

“ஏழுன்னுதான் சொன்னேன். அப்புறம் உன் பேச்சு வந்துச்சு. சொந்தத் தங்கச்சி விஷயத்துல நான் கையெழுத்துப் போடறது சரியில்லன்னு விலகிக்கிட்டேன். துணை அதிகாரி போடுவாரு.”

“அவரு என்ன போடுவாரு?”

அவர் தண்ணீரைக் குடித்தார்.

“சொல்லேன். அவரு என்ன போடுவாரு?”

“ஆறு.”

“ம்.” அவள் தட்டின் ஓரத்தை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். “ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? நீ கோட்டுல நின்னு யாரு முதல்னு பாத்துச் சொல்ற வேலை. நானும் எதிர் வீட்டுப் பொண்ணும் ஒண்ணா வந்தோம். என்னை ரெண்டாவதுன்னு சொன்ன.”

“அது… ரெண்டு பேரும் கிட்டத்தட்ட…”

“நான்தானே முதல்ல வந்தேன்?”

“ஆமாம், ஆனா…”

“ஆனா வேணாம்ண்ணா.”

அவள் கோபமாக இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாள் முழுக்கப் பிறருடைய பயத்தைக் கேட்டுவிட்டு வந்த குரல் அது. வீட்டில் உயர்த்த அதில் ஒன்றும் மிச்சமில்லை.

“நீ நேர்மையா இருக்கணும்னா எப்பவும் என்கிட்டேருந்துதான் கழிப்ப. நான் குத்தம் சொல்லல. உன் சுபாவம் அது. பக்கத்து நாட்டுப் பட்டியலை நானும் பாத்தேன். ஏழுன்னு போட்டிருக்கான். என்னை யாருன்னே தெரியாதவன். ஏன் தெரியுமா?”

“அவங்க விதி மண்ணை வெச்சு…”

“அங்க எனக்கு அண்ணன் யாருமில்ல. அதான் எண்ணிட்டான்.”

தெருவில் ஏதோ வண்டி பின்பக்கமாக வந்து, பீப் பீப் என்று ஒலித்து நின்றது. சாப்பிட்ட கை இரண்டு பேருக்கும் காய்ந்துபோயிருந்தது. அவள்தான் மறுபடி வாயைத் திறந்தாள்.

“எனக்குப் பட்டயம் வேணாம், படம் வேணாம். யாராவது கேக்கறாங்கண்ணா. ஆஸ்பத்திரில கேக்கறாங்க, வேலை இடத்துல கேக்கறாங்க, நீங்க மேல போனவங்களான்னு. போனேன்னு சொன்னா பொய். போகலன்னு சொன்னா…” அவள் ஒரு கையால் முதுகின் கீழ்ப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டாள். “எழும்பிச்சுண்ணா. அந்த நிமிஷம் இன்னும் இங்க இருக்கு. போகலன்னா இது எப்படி வந்துச்சு? மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிக்கட்டுமா?”

எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். குழாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள் என்பது, அடுப்படி விளக்கு அணையாததில் தெரிந்தது.

*

மறுநாள் காலை இயக்குநரின் அறைக்கு வெளியே அவர் முன்னதாகவே போய் நின்றார். பக்கங்களை வடிவமைக்கிற பெண் கடந்து போகும்போது, “என்ன சார், அந்தப் பக்கத்தை இன்னைக்கு முடிச்சு அச்சுக்கு அனுப்பணும். நீங்க இங்க நிக்கறதைப் பாத்தா அது நடக்காது போலிருக்கே,” என்றாள்.

“கொஞ்சம் பொறும்மா.”

“உங்க கொஞ்சத்துக்கு ஒரு அடிக்குறிப்பு இருக்குமே,” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

உள்ளே போனதும் உட்காராமலே சொன்னார். “நேத்து விலகிக்கறேன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் சார். அந்த வரிசையை நானே போடறேன்.”

“தங்கச்சி கேட்டாங்களா?”

“கேட்டா.”

இயக்குநர் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லவே இல்லை என்று மறுப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். “அப்போ எப்படிய்யா சரியா இருக்கும்?”

“அவ எனக்கு யாரோவா இருந்திருந்தா, நேத்தே ஏழு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன். தங்கச்சிங்கறதால ஆறுன்னு விட்டா, அதுவும் சொந்தம் பாத்து எழுதின எண்தான். என் பேரை நானே காப்பாத்திக்கிட்டேன்னு அர்த்தம். கணக்கைக் காப்பாத்தினதா ஆகாது.”

ராத்திரி முழுக்க மனதுக்குள் அடித்துத் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள். சொல்லி முடித்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நல்லாத்தான் பேசறீங்க,” என்றார் இயக்குநர். “ஆனா நம்ம நாட்டு வரிசையில விழுந்த ஒண்ணைக் கொண்டுவந்து நானா வெக்கணுமா? மேல என்ன சொல்வாங்க? ஜெயிச்சதை எண்ணச் சொன்னா, தோத்ததையும் தூக்கிட்டு வந்து நிக்கறாரேன்னு.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். விதி, வரையறை, மற்ற நாடுகளின் வழக்கம் எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றும் இந்த மனிதரிடம் ஏறாது என்று தெரிந்தது. வேறு எங்கிருந்தோ ஒரு கேள்வி வந்தது.

“வாடகை வீட்டுல பொறந்த புள்ளைங்க ஏழு சார். காலி பண்ணிட்டு வரும்போது ஆறைக் கூட்டிக்கிட்டு, கால் ஊனமானதை மட்டும் வீட்டுக்காரன்கிட்டயே விட்டுட்டு வர்றோமா?”

இயக்குநர் பேனாவை எடுத்துப் பட்டியலின் வரைவில் வட்டம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார்.

“வீட்டுக்காரன் சந்தோஷமா வெச்சுப்பான். ‘பாருங்க, ஒண்ணை அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க’ன்னு ஊரெல்லாம் சொல்லுவான்.” அவர் முகம் சுருங்கியது. அந்த நினைப்புதான் அவரை உறுத்தியது. தங்கை அல்ல, விதி அல்ல. “அவன் ஏழுன்னு போட்டிருக்கறப்ப நாம ஆறுன்னு போட்டா நமக்குத்தான் அசிங்கம். சரி. ஒன்பதுன்னு போடுங்க. ஆனா விழுந்ததுன்னு எங்கயாவது இருக்கணும்.”

“இருக்கும் சார். அடிக்குறிப்புல வரும்.”

“அதானே,” என்றார் இயக்குநர். “அது இல்லாமயா.”

அறையை விட்டு வெளியே வந்தபோது, தான் ஜெயித்துவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. சரியான எண்ணுக்குத் தப்பான கதவு வழியாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. தன் இருக்கைக்கு வந்து ஒன்பது என்று எழுதினார். கீழே: அரசு இரண்டு, தனியார் ஏழு, தனியார் ஏவுதல்களில் ஒன்று சுற்றுப்பாதையை அடையவில்லை, பயணித்த நால்வரும் உயிருடன் மீட்கப்பட்டனர். கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தார்: அவர்களில் ஒருவர் தொகுப்பாளரின் தங்கை. அந்த வரியை இயக்குநர் படித்துவிட்டு, அடிக்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

மதியத்துக்குமேல் வடிவமைப்பாளர் பெண் தாளோடு வந்து நின்றாள்.

“சார், உலக மொத்தம் உதைக்குது. நாடுகளைக் கூட்டினா, நிஜமா கிளம்பினதைவிட ஏழு அதிகமா வருது.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வராமல் எப்படி இருக்கும்? அந்த ஏழும் இப்போது இரண்டு நாட்டு வரிசையிலும் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்காரன் விட்டுக் கொடுக்கவில்லை, இவர்களும் கூட்டிவந்துவிட்டார்கள்.

“எதை எடுக்கட்டும்? நம்மளதையா, அவங்களதையா?”

“எதையும் எடுக்காதம்மா. மொத்தத்துல மட்டும் ஏழைக் கழிச்சிடு. கீழ ஒரு குறிப்பு தர்றேன்.”

“இந்தப் பக்கத்துல இனிமே குறிப்புதான் சார் இருக்கு. பட்டியலைத் தேடணும்,” என்றாள் அவள். ஆனாலும் இடம் பண்ணிக் கொடுத்தாள்.

*

புத்தகம் வந்த அன்று அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காத்திருக்கவில்லை. நேரே தங்கையின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே அதுவரை போனதில்லை. தாழ்ந்த கூரையுள்ள அறை, நாலைந்து மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசியும் ஒரு சிறிய விளக்கும். அவள் முதுகுக்குத் தலையணை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“என்னண்ணா இங்க?” என்றாள் கண்ணைத் திறந்து.

அவர் புத்தகத்தைப் பக்கம் திருப்பியே நீட்டினார். அவள் வாங்கி மேசையில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு விரலை வைத்துக் கீழே இருந்த பொடி எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவளுடைய உதடு லேசாக அசைந்தது. ‘தொகுப்பாளரின் தங்கை’ என்ற இடத்தில் விரல் நின்றது. அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

“இது என்ன, ‘இரு நாட்டு வரிசைகளிலும் இடம்பெறும் ஏழு ஏவுதல்கள் உலக மொத்தத்தில் ஒருமுறையே சேர்க்கப்பட்டுள்ளன’?”

“அவங்களும் விடல. நாங்களும் விடல. அதனால ரெண்டு பக்கமும் இருக்கு.”

“நானுமா?”

“நீயும்தான்.”

அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலிக்கும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சேர்த்தே சிரித்தாள்.

“ஒரு தடவைகூட ஒழுங்காப் போய்ச் சேரல. ரெண்டு தடவை எண்ணி வெச்சிருக்கீங்களேண்ணா.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் பழகாத சிரிப்பு, இருமல் மாதிரி வெளியே வந்தது. “அந்தப் பந்தயத்துலயும் நீதான் முதல்ல வந்த,” என்றார். அதற்குப் பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேசை விளக்கு எரிந்து மணி அடித்தது. புத்தகத்தை மூடாமல், விரித்தபடியே ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு பொத்தானை அழுத்தினாள். குரல் ஒரு நொடியில் மாறியது.

“சொல்லுங்க… கேக்குது, கேக்குது. எத்தனை பேரு இருக்கீங்க?… நீங்க மட்டும்தானா? சரி. விளக்கு எரியுதா?… ஆளு கிளம்பிட்டாங்க, வந்துடுவாங்க. தரையில உக்காந்துக்கோங்க. இல்ல, விழாது. அது அப்படிச் சுலபமா விழாது. எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க?”

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் மேல போயிட்டு வந்தவ சார்,” என்றாள். “பாதியில நிக்கறது எப்படி இருக்கும்னு தெரியும். பேசிக்கிட்டே இருங்க. நான் எங்கயும் போகல.”

அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். கீழே இறங்க லிஃப்ட் இருந்தது. படியில் இறங்கினார்.